டிஸ்க்கில் அவர் பக்கம்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரின் டிஸ்க்கில் பாதியைக் காணோம் என்று முதலில் கண்டுபிடித்தவள் நான்தான். அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை என் கண் முன்னால்தான் என் வீட்டுக்காரர் அதைப் பிரித்தார், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பிரிப்பது வேறு, காணாமல் போவது வேறு. பிரித்தால் இரண்டு துண்டும் கண்ணுக்குத் தெரிய வேண்டாமா? விண்டோஸுக்குள் போய்ப் பார்த்தால் பழைய அளவில் பாதிதான் இருக்கிறது. மீதியைப் பற்றி அது மூச்சே விடவில்லை. அப்படி ஒன்று இருந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

"மீதி எங்க?" என்று கேட்டேன்.

"அது என் பக்கம். உன் பக்கத்துலேந்து தெரியாது" என்றார்.

"உங்க பக்கத்துலேந்து என் பக்கம் தெரியுமா?"

"தெரியும்."

இதைக் கேட்டுவிட்டு எந்தப் பெண்பிள்ளையாவது நிம்மதியாகத் தூங்குவாளா, நீங்களே சொல்லுங்கள்.

தொண்ணூறுகளின் கடைசி அது. திருவேற்காட்டில் கோயிலைத் தாண்டி, வயலெல்லாம் மனைக்கட்டாக மாறிக்கொண்டிருந்த பக்கத்தில் ஒரு ஓட்டு வீட்டில் குடியிருந்தோம். அவருடைய அப்பா காலம் வரைக்கும் அவர் வீட்டார் அந்த வயல்களில்தான் கூலிக்கு நாற்று நட்டார்கள். இவர் ஐ.டி.ஐ. படித்துவிட்டு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் மெஷின் பழுது பார்க்கும் வேலையில் இருந்தார். நான் பூந்தமல்லியில் ஒரு லாரி ஆபீஸில் டைப்பிஸ்ட். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் பாலிடெக்னிக் பிள்ளைகளுக்கு ப்ராஜெக்ட் ரிப்போர்ட் அடித்துக் கொடுப்பேன். அதற்காகத்தான் எங்கேயோ ஒரு ஆபீஸில் கழித்துப் போட்ட மெஷினை வாங்கி, நாலு பாகத்தை மாற்றி, வீட்டில் வைத்திருந்தோம். வெள்ளிக்கிழமையானால் மானிட்டருக்குக் குங்குமம் உண்டு.

பொங்கல் கழிந்த சமயம், ஒருநாள் கம்ப்யூட்டர் பத்திரிகை ஒன்றோடு வந்தார். உள்ளே இலவசமாக ஒரு சி.டி. "லினக்ஸ்னு ஒண்ணும்மே. விண்டோஸ் மாரியே இது ஒரு ஆப்பரேட்டிங் சிஸ்டம். அது பாட்டுக்கு அது இருக்கும், இது பாட்டுக்கு இது இருக்கும்" என்றார்.

"இருக்கறது நல்லாத்தானே ஓடுது? அப்புறம் இன்னாத்துக்கு இன்னொண்ணு?"

எனக்கு அந்தப் பேச்சே பிடிக்கவில்லை. ஏன் பிடிக்கவில்லை என்று மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கல்யாணமாகிப் பல வருடம் ஆகியும் எங்களுக்குக் குழந்தை இல்லை. மாங்காட்டு அம்மன் கோயிலுக்கு வாரம் தவறாமல் எலுமிச்சம்பழத்தோடு போய்க்கொண்டிருந்தேன். அவருடைய சொந்தக்காரர்கள் எந்த விசேஷத்தில் என்னைப் பார்த்தாலும், "அவனுக்கு இன்னும் வயசு கீதும்மா" என்று என் காதில் விழுகிற மாதிரியே பேசுவார்கள். இருக்கிறது இருக்கட்டும், இன்னொன்று வரட்டும் என்று அந்த வீட்டில் யார் எதைப் பற்றிச் சொன்னாலும் அது இன்னொருத்தி என்றுதான் என் காதில் விழும்.

டிஸ்க்கைப் பிரித்த அந்த ஞாயிற்றுக்கிழமை நான் நகரவே இல்லை. காலையில் தொடங்கி மதியச் சாப்பாடு வரைக்கும், டிஸ்க்கில் சிதறிக் கிடப்பதையெல்லாம் ஒரு பக்கமாக ஒதுக்குகிற வேலை ஓடியது. திரையில் குட்டிக் குட்டிக் கட்டங்கள் நகர்ந்துகொண்டே இருந்தன. அவருக்குத் தெரியாமல் என் ரிப்போர்ட்டுகளை எல்லாம் முந்தின நாளே ஃப்ளாப்பியில் எடுத்து பீரோவில் புடவைக்கு அடியில் சொருகி வைத்திருந்தேன். அதற்குப் பிறகுதான் அவர் சி.டி.யைப் போட்டார். இதற்கு மேல் கை வைத்தால் உள்ளதெல்லாம் அழிந்துபோகலாம், சம்மதமா என்று அது இங்கிலீஷில் கேட்டது. நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"வுடும்மே. எல்லா மெஷினும் இப்டித்தான் பயமுறுத்தும்" என்று சிரித்தார். தட்டினார். ஒன்றும் அழியவில்லை. நடுநடுவே அது என்னென்னவோ கேட்டது. எந்த நாடு, எந்த ஊர், என்ன கீபோர்டு என்று பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி விசாரணை. தெரிந்ததற்குப் பதில் சொன்னார், தெரியாததற்கு ஒரு டிக் போட்டுவிட்டு மேலே போனார். பொழுது சாய்வதற்குள் ஒரே பெட்டிக்குள் இரண்டு குடித்தனம் வந்துவிட்டது.

அன்றிலிருந்து மெஷினைப் போட்டதும் நேராக விண்டோஸ் வராது. கறுப்புத் திரையில் ஒரு வார்த்தை வந்து நிற்கும். உடனே நான் என் பக்கத்தின் பெயரைத் தட்டினால் என் பக்கம் போகும். டம்ளரைக் கீழே வைக்கிறேன் என்று திரும்பினேனோ போச்சு, அது தானாகவே அவர் பக்கம் போய்விடும். அங்கே போய், "யார் நீ, பெயரைச் சொல்" என்று நிற்கும். என் பெயரை அடித்தால் பாஸ்வேர்டு கேட்கும். எதை அடித்தாலும் தப்பு என்று சொல்லிவிட்டு மறுபடியும் பெயரைக் கேட்கும். என் வீட்டில், என் மேஜை மேல் உட்கார்ந்துகொண்டு, என்னையே யார் என்று கேட்கிற திமிர்!

பாஸ்வேர்டு என்னவென்று கேட்டேன். "உனுக்கு இன்னாத்துக்கு அது? உன் பக்கந்தான் தனியா கீதே" என்றார். பேச்சில் தப்பில்லை. ஆனால் முழித்த முழி சரியில்லை.

அப்புறம்தான் கடிகாரம் பின்னால் போக ஆரம்பித்தது.

விண்டோஸில் கீழே மூலையில் மணி காட்டுமே, அது. காலையில் அவர் எட்டு மணிக்கு டிபன் பாக்ஸை மாட்டிக்கொண்டு மொபெட்டில் கிளம்புவார். நான் மெஷினைப் போட்டுக் கொஞ்ச நேரம் ரிப்போர்ட் அடித்துவிட்டு, அணைத்துவிட்டு, ஒன்பது மணி பஸ்ஸைப் பிடிப்பேன். சாயங்காலம் அவருக்கு முன்னால் நான் வந்துவிடுவேன். வந்து போட்டால் மணி தப்பு. சாயங்காலம் ஆறரை என்றால் அது மதியம் ஒன்று என்கிறது. சரி செய்வேன். மறுநாள் சாயங்காலம் பார்த்தால் மறுபடியும் அதே கதை.

கடையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்ப்பவர் ஒருவரிடம் கேட்டேன். உள்ளே இருக்கிற சின்ன பாட்டரி தீர்ந்திருக்கும் என்று புதிதாக ஒன்று போட்டுக் கொடுத்தார். புது பாட்டரியிலும் அதே மாதிரி. பாட்டரி தீர்ந்தால் மணி கண்டபடி ஓடும். இது அளவெடுத்துத் தைத்த மாதிரி ஐந்தரை மணி நேரம் மட்டும் பின்னால் போகிறது. அதுவும் ஞாயிற்றுக்கிழமை போவதில்லை. நாங்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போகிற நாளில் மட்டும் போகிறது. மூக்கில் வியர்க்காமல் என்ன செய்யும்? காலையில் நான் போகும்போது சரியாக இருந்த மணியை, சாயங்காலம் நான் வருவதற்குள் யாரோ மாற்றுகிறார்கள். வீடு முன்னாலும் பின்னாலும் பூட்டியிருக்கிறது. சாவி இருப்பது எங்கள் இரண்டு பேரிடம் மட்டும்.

ஒருநாள் வேண்டுமென்றே கேட்டேன். "இன்னிக்குக் கம்பெனில நல்ல வேலையா?"

"பயங்கர வேலைம்மே. ஒரு மெஷின் படுத்துகிச்சு, அதோட மாரடிச்சே பொழுது பூட்டுச்சு" என்றார். சட்டைக் காலரில் அழுக்கே இல்லை. எத்தனை வருடமாக அந்தக் காலரைக் கல்லில் தேய்க்கிறவள் நான்! எனக்குத் தெரியாதா?

பக்கத்து வீட்டு அக்காவுக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு சுவர்தான். அந்த வாரம் தண்ணீர் லாரியில் குடம் பிடிக்கும்போது பேச்சோடு பேச்சாகக் கேட்டாள். "இன்னாமே, உங்க ஊட்டுக்கு விருந்தாளி வந்துகீறாங்களா? பகல்ல சிரிப்பு சத்தம் கேட்டுகினே கீது."

"ரேடியோவா இருக்கும்க்கா."

"ரேடியோவா? பூட்டின ஊட்ல?" என்று குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். பரிதாபப்படுகிற பார்வை. அதை மட்டும் என்னால் தாங்கவே முடியாது. வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

கடைசியில் ஒரு டப்பா அகப்பட்டது. சமையல்கட்டில் கழுவிக் கவிழ்த்த பாத்திரங்களுக்கு நடுவே, எவர்சில்வர் குழம்பு டப்பா ஒன்று இருந்தது. என்னுடையது இல்லை. மூடியைத் திறந்து மோந்து பார்த்தேன். எவ்வளவு கழுவினாலும் மீன் குழம்பு வாசனை போகுமா? நான் மாங்காட்டு விரதத்தில் இருந்தேன், வீட்டில் மீன் வாங்கி மாதமாகிறது. டப்பாவைத் திருப்பினால் அடியில் பெயர் வெட்டியிருக்கிறது. கல்யாணத்துக்குச் சீராகக் கொடுக்கிற பாத்திரத்தில் பொண்ணு பேரைப் புள்ளிப் புள்ளியாக வெட்டுவார்களே, அப்படி ஒரு பொம்பளை பெயர். அவள் வீட்டுச் சீர்ப் பாத்திரம் என் சமையல்கட்டு வரைக்கும் வந்திருக்கிறது.

அன்று அவர் சாப்பிட உட்கார்ந்ததும் சோற்றுக்குப் பதில் அந்த டப்பாவைத் தட்டில் வைத்தேன்.

"யாரு இவ?"

பார்த்தார். ஒரு நொடி முகம் வெளிறிப்போனது. நான் எதிர்பார்த்தது எதுவும் நடக்கவில்லை. கத்தவில்லை, சத்தியம் செய்யவில்லை, பஸ்ஸில் டப்பா மாறிப்போச்சு என்று காதில் பூ சுற்றவும் இல்லை. தலையைக் குனிந்துகொண்டு, "ஒண்ணுமில்ல. வுடு" என்றார்.

"ஒண்ணுமில்லாமத்தான் பேர் வெட்டிக் குடுத்துகீறாளா? யாருன்னு கேக்கறேன். வாயத் தொற."

திறக்கவில்லை. டப்பாவை எடுத்துத் தன் பையில் வைத்துக்கொண்டு வெளியே போய் உட்கார்ந்துவிட்டார். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நம்பாவிட்டாலும் நம்பின மாதிரி இருந்திருப்பேன். அந்த ஒரு வார்த்தை வரவே இல்லை. என் வாழ்க்கை அவ்வளவுதான் என்று அன்றைக்கு முடிவுகட்டினேன். ஆவடியில் அம்மா வீடு இருந்தது. கிளம்பிப் போயிருப்பேன். ஆனால் கையும் களவுமாகப் பிடிக்காமல் போனால், பிள்ளை இல்லாதவள் தானாகவே ஒதுங்கிவிட்டாள் என்று அவர்கள் பக்கம் ஊருக்குச் சொல்வார்கள். அதற்கு நான் இடம் கொடுக்க மாட்டேன்.

அதற்காக ஒரு மாதம் பொறுத்தேன். பேச்சு வார்த்தை இல்லை. டிபன் கட்டி வைப்பேன், எடுத்துக்கொண்டு போவார். மாதம் பிறந்ததும் சம்பளக் கவரை வழக்கம்போல் சாமி படத்தடியில் வைத்தார். சாயங்காலம் மெஷினைப் போட்டால் மணி அதே ஐந்தரை மணி நேரம் பின்னால் நிற்கும். அந்த மணியைப் பார்ப்பதற்காகவே வேகவேகமாக வீட்டுக்கு வருவேன், பார்த்துவிட்டு மறுபடியும் திருத்தி வைப்பேன்.

ஒரு புதன்கிழமை ஆபீஸில் தலைவலி என்று சொல்லிவிட்டு உச்சி வெயிலில் பஸ் ஏறினேன். முன்வாசலில் பூட்டு தொங்கியது. வெளியே ஒரு செருப்புக்கூட இல்லை. சந்து வழியாகப் பின்பக்கம் போனேன். பின்வாசலில் பூட்டு இல்லை, கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளேயிருந்து சிரிப்பு. மீன் குழம்பு வாசனை. அடிபம்பு ஓரமாகச் சாத்தியிருந்த விளக்குமாற்றைக் கையில் எடுத்துக்கொண்டேன். மாங்காட்டம்மா, இன்னிக்கு நான் கொலகாரி ஆயிடாம நீதான் பாத்துக்கணும் என்று வேண்டிக்கொண்டு கதவை உதைத்தேன்.

உள்ளே நாலு ஆம்பளைகள்.

மூன்று பேர் தரையில் வட்டமாக உட்கார்ந்து டிபன் பாக்ஸைப் பிரித்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் என் வீட்டுக்காரர். தொப்பை வைத்த ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து, கோழி கொத்துகிற மாதிரி ஒரு விரலால் கீபோர்டைக் கொத்திக்கொண்டிருந்தார். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து. செருப்புகளை எல்லாம் கட்டிலுக்கு அடியில் வரிசையாக ஒளித்து வைத்திருந்தார்கள். அவர்களுக்கு நடுவே அந்த டப்பா, பக்கத்தில் சோறு பிசைந்த கையோடு அந்த மூவரில் இன்னொருவர். அவர் பெண்டாட்டியின் கல்யாணச் சீராம் அது. கட்டிக் கொடுத்த டப்பாவை ஒருநாள் இங்கேயே கழுவி மறந்துவிட்டுப் போயிருக்கிறார்.

"அண்ணி..." என்று எல்லோரும் எழுந்தார்கள். தொப்பைக்காரர் எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. என் கையில் விளக்குமாறு.

பொம்பளை இல்லை. அது தெரிந்ததும் அப்படியே ஆட்டுக்கல் மேல் உட்கார்ந்துவிட்டேன். சந்தோஷமா என்றால் ஆமாம், அப்படி ஒரு சந்தோஷம். அது ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. வேலை நாளில், உச்சிப் பொழுதில், நாலு பேரும் இங்கே என்ன செய்கிறார்கள்?

டப்பாக்காரர்தான் சொன்னார். "எங்க கம்பெனிய இழுத்து மூடிட்டான் அண்ணி. பொங்கலுக்கு முன்னாடியே. கணக்கு முடிச்சுக் குடுத்து, கேட்டுக்குப் பூட்டு போட்டுட்டான்."

கொடுத்த தொகையைப் பிரித்துப் பிரித்து மாதாமாதம் கவரில் போட்டு, சம்பளம் என்று வீட்டில் வைத்திருக்கிறார்கள். நாலு பேருமே அப்படித்தான். நாலு வீட்டிலும் தெரியாது. தினமும் காலையில் டிபனோடு கிளம்பி, டீக்கடையில் நின்று, நான் பஸ் ஏறுவதைப் பார்த்துவிட்டு ஒவ்வொருவராகப் பின்வாசலில் நுழைந்திருக்கிறார்கள். அவர்களுடைய பழைய இன்ஜினீயர் ஒருவர் சொன்னாராம், கம்ப்யூட்டர் கம்பெனிகளில் சர்வரைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடுகிறார்கள், லினக்ஸ் தெரிந்தால் வயதைப் பார்க்க மாட்டார்கள் என்று. நாலு பேரில் மெஷின் இருந்தது எங்கள் வீட்டில் மட்டும்தான்.

"அதுல இன்னா விசேசம்னா அண்ணி," என்று தொப்பைக்காரர், திட்டு விழுவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்பது மாதிரி அவசரமாகச் சொன்னார், "ஒவ்வொருத்தனுக்கும் தனித்தனியா பேரு, தனித்தனி எடம். காலைல வந்ததும் அவனவன் பேரப் போட்டு உள்ள போவோம். பாஸ்வேர்டு அவனவன் கம்பெனி டோக்கன் நம்பரு. கேட்ல டோக்கன் போட்டுட்டு உள்ள போற மாரியே இருக்கும். பக்கத்து பாக்டரி சங்கு ஊதுனா சோறு."

அந்தக் கடிகாரத்துக்கும் அப்போதுதான் விளக்கம் கிடைத்தது. முதல் நாள் தெரியாமல் போட்ட டிக்குகளில் ஒன்று அது. பெட்டிக்குள் ஓடுவது லண்டன் மணி என்று அவர் பக்கம் நினைத்துக்கொள்கிறது, நம்ம ஊர் மணி என்று என் பக்கம் நினைத்துக்கொள்கிறது. நான் என் பக்கம் சரி செய்தால் அவர் பக்கம் ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடும். அவர் அதைச் சரி செய்தால் என் பக்கம் பின்னால் போகும். சுவர்க் கடிகாரம் நின்றுபோய் நாளாகிறது. நான் வருவதற்குள் இடத்தைக் காலி செய்ய வேண்டுமே, அதனால் அவர்கள் தினமும் முதல் வேலையாக மணியைத் திருத்தியிருக்கிறார்கள். என்னிடம் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று செய்ததுதான் மாட்டிக்கொடுத்தது.

அன்று சாயங்காலம் அவர்கள் போன பிறகு நாங்கள் இரண்டு பேர் மட்டும். எனக்குக் கோபம் வந்தால் மரியாதை போய்விடும்.

"வேலை போச்சுன்னு எங்கிட்ட சொல்றதுக்கு இன்னா?"

"இன்னான்னு சொல்றது? பொண்டாட்டி சம்பாதிச்சுப் போட, புருசன் ஊட்ல குந்திகினு கீறான்னு தெரு பேசும். நீயும் ஒருநாள் அப்டிப் பாத்துட்டீன்னா? அத என்னால தாங்க முடியாதும்மே."

"சரி. அந்த டப்பாவ வெச்சுகினு யாரு இவன்னு கேட்டேனே. அப்ப நான் இன்னா நெனைச்சிகினு கேட்டேன்னு தெரியும் இல்ல?"

"தெரியும்" என்றார்.

"தெரிஞ்சும் ஏன் வாயத் தொறக்கல?"

"வேலை போனவன்னு நீ நெனைக்கறதுக்கு பதிலா, வேற பொம்பளை வெச்சுகினு கீறான்னு நெனைச்சா நெனைச்சிக்கட்டும்னு வுட்டுட்டேன். அதுலயாச்சும் நான் ஆம்பளயா இருப்பேன் இல்ல?"

விளக்குமாற்றை மறுபடியும் எடுக்கலாமா என்று இருந்தது. ஒரு மாதம் நான் தலையணையை நனைத்துக்கொண்டு படுத்திருந்தேன். பக்கத்தில் படுத்திருந்த மனுஷனுக்கு அது ஏன் என்று தெரிந்திருக்கிறது! அதுவும் கௌரவமாகப் பட்டிருக்கிறது! எந்தச் சாமி வந்து சமாதானம் சொன்னாலும் இதை மறக்க முடியாது என்று அவரிடமே சொன்னேன். கேட்டுக்கொண்டார்.

மறுநாள் நாலு பேரையும் நிற்க வைத்துச் சொல்லிவிட்டேன். "இனிமே திருடனுங்க மாரி பின்வாசல்ல வர்றது, செருப்ப ஒளிக்கறது எல்லாம் ஆவாது. முன்கதவு தொறந்து கெடக்கணும். செருப்பு வெளியதான் கெடக்கணும். கெட்டுப்போறது என் ஊட்டு பேரு."

சம்மதித்தார்கள். "எங்க ஊட்ல மட்டும் சொல்லிடாத அண்ணி" என்று கும்பிட்டார் டப்பாக்காரர்.

"நானா போய் சொல்ல மாட்டேன். வந்து கேட்டா பொய்யும் சொல்ல மாட்டேன்."

கதவு திறந்து கிடந்தால் தெரு சும்மா இருக்குமா? வாசலில் நிற்கிற சைக்கிளையும் மொபெட்டையும் யார் யார் பார்த்தார்களோ, யார் போய் யாரிடம் சொன்னார்களோ. ஒரு சனிக்கிழமை லாரி ஆபீஸ் அரை நாளோடு முடிந்து நான் வீட்டில் இருந்தேன். நாலு பேரும் உள்ளே படித்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். என்னைவிடச் சின்னவள். வேகமாக நடந்து வந்ததில் தலை கலைந்திருந்தது. என்னை உச்சியிலிருந்து பாதம் வரைக்கும் அளந்தாள். புடவை, பூ, கழுத்துத் தாலி, எல்லாவற்றையும்.

"எங்க ஊட்டுக்காரர் டெய்லி இங்கதான் வர்றாராமே?" என்றாள். "நீங்கதானா அது?"

உள்ளே கீபோர்டுச் சத்தம் நின்றுபோனது. திரும்பிப் பார்த்தேன். டப்பாக்காரர் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டிருக்கிறார். அந்த டப்பாவில் பெயர் வெட்டியிருந்தவள் இவள்தான். என் வீட்டுக்காரர் சொல்லாதே, சொல்லாதே என்று கண்ணாலேயே கெஞ்சுகிறார். அவர்களுக்காக நான் வாயை மூடிக்கொண்டால், இந்தப் பெண் என்னைத்தான் சின்ன வீடு என்று நினைத்துக்கொண்டு போவாள். போய் அழுவாள். அது எப்படிப்பட்ட அழுகை என்று எனக்குத் தெரியும்.

"உள்ள வாம்மா," என்று அவள் கையைப் பிடித்து இழுத்தேன். "உன் புருசன் அதோ நிக்கறாரு. கூட மூணு பேரு. எல்லாருக்கும் வேலை போயி மாசக் கணக்காவுது. ஊட்ல சொல்ல வெக்கப்பட்டுகினு, இங்க வந்து கம்ப்யூட்டரு கத்துகினு கீறாங்க. இவ்ளோதான் விசயம். வேற ஒரு எழவும் இல்ல."

அவள் புருஷனைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். பிரித்து வைத்த டிபன் பாக்ஸ்களைப் பார்த்தாள். தான் காலையில் கட்டிக்கொடுத்த சோறு அதில் இருந்தது.

"வேலைதானா பூட்டுச்சு?" என்றாள். "அவ்ளோதானா?"

டப்பாக்காரர் தலையாட்டினார்.

அவள் சிரித்தாள். பொங்கிப் பொங்கிச் சிரித்தாள், அப்படியே கண்ணில் தண்ணீர் கொட்டியது. கிட்டே போய் அவர் முதுகில் பட்பட்டென்று நாலு அடி வைத்தாள். "பாவி மனுசா, இதுக்கா இப்டி ஒளிஞ்ச? உயிரே பூட்டுச்சு எனுக்கு" என்று திரும்பத் திரும்பச் சொல்லி, அவர் சட்டையிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவரும் சிரித்தார். தொப்பைக்காரரும் சிரித்தார். என் வீட்டுக்காரர் மட்டும் அவள் சிரிப்பதையே வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றார்.

எல்லோரும் போன பிறகு, மெஷினை அணைத்துத் துணி போட்டு மூடிக்கொண்டே கேட்டார்.

"அந்தப் பொண்ணு கேட்டவுடனே சிரிச்சிட்டாளே. உனுக்கு ஏன்மே அப்டி சிரிப்பு வரல?"

"அவ சந்தேகப்படறது அவ புருசனுக்குத் தெரியாது," என்றேன். "உனுக்குத் தெரியும்."

அவர் துணியின் நுனியைப் பிடித்தபடியே நின்றார். நான் சோறு வடிக்கப் போனேன்.